ஓட்டைக்கு மேல் இருந்த படலம்: வனேடியம் டைஆக்சைடு மென்படலம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், எங்கள் முதுகலை மாணவி ஒருவர் தம் திட்டப்பணிக்காகச் செய்த வனேடியம் டைஆக்சைடு மென்படலங்கள் இரண்டைப் பற்றியது இந்த எழுத்து. ஒரே கரைசலில் இருந்து, ஒரே நாளில், ஒரே உலையில் பதப்படுத்தப்பட்ட படலங்கள் அவை. ஒன்று சாதாரண நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டிலும் மற்றொன்று உருக்கிய சிலிக்கா தகட்டிலும் பூசப்பட்டிருந்தன. குறிப்பிட்ட வெப்பநிலையில் குறைக்கடத்தியிலிருந்து உலோகமாக மாற வேண்டிய பொருள் இது. கண்ணாடித் தகட்டில் இருந்தது எவ்வளவு சூடேற்றியும் மாறவே இல்லை. சிலிக்காவில் இருந்தது மாறியது, ஆனால் மாற வேண்டிய வெப்பநிலையில் மாறவில்லை. முதல் குறைக்கான காரணத்தை ஒரு வாரத்தில் கண்டுகொண்டோம். இரண்டாவதற்கான காரணம் படலத்தில் இல்லை, நாங்கள் அளந்த முறையில் இருந்தது என்பதை உணர ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதங்களில் கற்றதை, இதே பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்யும் மற்ற கல்லூரி ஆய்வகங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், விவரம் குறையாமல் பதிவு செய்கிறேன்.

பொருளின் இயல்பு

வனேடியம் டைஆக்சைடு ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸில் குறைக்கடத்தி நிலையிலிருந்து உலோக நிலைக்கு மாறுகிறது. வனேடியம் ஆக்சைடுகளில் இத்தகைய மாற்றம் நிகழ்வதை பெல் ஆய்வகங்களைச் சேர்ந்த எஃப். ஜே. மோரின் 1959-இல் வெளியிட்டார். மாற்றத்துக்குக் கீழே வனேடியம் அணுக்கள் இரண்டிரண்டாக இணை சேர்ந்து நிற்கின்றன. இணைக்குள் இருக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.265 நானோமீட்டர், ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் இடையே 0.312 நானோமீட்டர். மாற்றத்துக்கு மேலே இணைகள் பிரிந்து, அணுக்கள் எல்லாம் 0.285 நானோமீட்டர் என்ற ஒரே சீரான இடைவெளியில் வரிசை கொள்கின்றன. இணையில் கட்டுண்டிருந்த எலக்ட்ரான்கள் அப்போது விடுபட்டுப் பொருள் முழுவதும் உலவத் தொடங்குகின்றன. நல்ல படிகத்தில் மின்தடை பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறைவது இதனால்தான். மாற்றத்தை முன்நின்று நடத்துவது அணுக்களின் இணைசேர்ப்பா, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசையா என்ற விவாதம் அறுபது ஆண்டுகளைக் கடந்தும் தொடர்கிறது. அந்த விவாதத்துக்குள் இங்கே நுழையத் தேவையில்லை.

ஒளியியலுக்கு வேண்டிய செய்தி வேறு. விடுபட்ட எலக்ட்ரான்கள் அண்மை அகச்சிவப்புப் பகுதியையும் அதைவிட நீண்ட அலைநீளங்களையும் திருப்பி அனுப்பவும் உட்கவரவும் செய்கின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியை இந்தப் பொருள் உட்கவர்வதற்கான காரணம், ஆக்சிஜனின் எலக்ட்ரான்கள் வனேடியத்தின் மட்டங்களுக்குத் தாவுவது. அந்தத் தாவல் குளிர்ந்த நிலையிலும் உண்டு, சூடான நிலையிலும் உண்டு. ஆகவே படலம் இரண்டு நிலைகளிலும் ஏறத்தாழ ஒரே மஞ்சள் கலந்த பழுப்பாகவே தெரிகிறது. வெப்பத்தால் நிறம் மாறும் பொருள் என்று சொன்னவுடன், சூடு பட்டால் நிறம் மாறும் குவளைகளையும் நெற்றியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டைகளையும் நினைத்துக்கொண்டு மாணவர்கள் வருகிறார்கள். இந்தப் பொருளின் உண்மையான மாற்றம் கண் எட்டாத இடத்தில் நடக்கிறது. எங்கள் தடுமாற்றங்கள் பெரும்பாலும் இந்த ஓர் உண்மையிலிருந்தே கிளைத்தன.

படலம் செய்த விதம்

வெற்றிடத்தில் உலோகத்தைத் தெறிக்கவைத்துப் படிய வைக்கும் கருவி எங்களிடம் இல்லை. ஆகவே உருக்கி நீரில் ஊற்றும் பழைய முறையைக் கையாண்டோம். வனேடியம் பென்டாக்சைடு ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறப் பொடி. அது 690 டிகிரியில் உருகும். அலுமினா மூசையில் இட்டு 800 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உருகிய குழம்பைத் தூய நீரில் ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். சீறும் ஓசை அடங்கி நீர் மெல்லக் கருஞ்சிவப்பாக மாறுவதையும், ஒரு நாள் வைத்திருந்தால் அது கூழாக இறுகுவதையும் பார்ப்பது தனி அனுபவம். இந்தப் பொடி நஞ்சு. அதன் தூசி மூச்சுக்குழாயைப் புண்ணாக்கும். புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே இதைக் கையாளக் கூடாது என்பதில் நாங்கள் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

கூழை நீர்த்து, சுழலும் தட்டில் வைத்த தகட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுப் பரப்பி, உலர்த்தி, மீண்டும் பரப்பி, ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமன் வரும்வரை அடுக்கினோம். இந்த நிலையில் படலம் வனேடியம் பென்டாக்சைடுதான். அதிலிருந்து ஆக்சிஜனில் ஒரு பகுதியை நீக்கினால்தான் டைஆக்சைடு கிடைக்கும். குழாய் உலையில் சுழல் பம்பு தரும் தாழ்ந்த அழுத்தத்தில், 500 டிகிரியை ஒட்டிச் சில மணி நேரம் வைத்தோம். காற்று சற்றுக் கூடினால் பென்டாக்சைடாகவே நின்றுவிடும்; மிகக் குறைந்தால் அதற்கும் கீழான ஆக்சைடுகளுக்குப் போய்விடும். நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகியது. கணபதிப் பகுதியில் மோட்டார் பழுது பார்க்கும் ஒருவர் அந்தப் பம்பின் அடைப்பு வளையங்களை மாற்றிக் கொடுத்திராவிட்டால் இந்த வேலை நடந்தேயிருக்காது. பம்பும் மோட்டாரும் உருக்காலையும் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் ஆய்வகம் வைத்திருப்பதன் நன்மை இத்தகைய நேரங்களில்தான் தெரியும்.

கண்ணாடித் தகட்டின் தோல்வி

உலையிலிருந்து எடுத்தபோதே இரண்டும் வேறுபட்டுத் தெரிந்தன. சிலிக்காவின் மேல் சீரான பழுப்பு. கண்ணாடியின் மேல் பசுமஞ்சள் திட்டுகள். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் சிலிக்காப் படலம், டைஆக்சைடின் அடையாளமான 27.9 டிகிரிக் கோணத்து உச்சியைக் காட்டியது. கண்ணாடிப் படலத்தில் அது இல்லை. 20.3 டிகிரியில் வரக்கூடிய பென்டாக்சைடின் உச்சியும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக, இரண்டுக்கும் பொருந்தாத வேறு உச்சிகள் இருந்தன.

சாதாரணக் கண்ணாடியில் எடைப்படி ஏறத்தாழ 13 முதல் 14 சதவீதம் சோடியம் ஆக்சைடு இருக்கிறது. 500 டிகிரியில் சோடியம் அயனிகள் கண்ணாடியை விட்டு மேலே ஊர்ந்து, படலத்துக்குள் புகுந்து, வனேடியத்துடன் சேர்ந்து சோடியம் வனடேட்டுகளாகிவிடுகின்றன. டைஆக்சைடு உருவாவதற்கு முன்பே அதன் மூலப்பொருள் செலவழிந்துவிடுகிறது. சிலிக்காத் தகட்டில் சோடியம் இல்லாததால் அது தப்பியது. கண்ணாடிக்கும் படலத்துக்கும் நடுவே சிலிக்கன் டைஆக்சைடுத் தடுப்பு அடுக்கு ஒன்றை முதலில் பூசுவது அறியப்பட்ட தீர்வு. இது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. தகட்டின் விலையை மட்டும் பார்த்துக் கண்ணாடியைத் தேர்ந்தது என் முடிவு. அதன் விளைவு மாணவியின் ஒரு மாத உழைப்பு.

பார்க்க முடியாத மாற்றத்தைப் பார்த்தது

சிலிக்காப் படலத்தை முதலில் எங்கள் துறையின் நிறமாலை மானியில் வைத்துச் சூடாக்கினோம். அந்த மானியின் உணரி சிலிக்கன் என்பதால் 1100 நானோமீட்டருக்கு மேல் அதற்குப் பார்வை இல்லை. குளிர்ந்த நிலை வரைகோடும் சூடான நிலை வரைகோடும் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. நீண்ட அலைநீளக் கோடியில் மட்டும் சற்றே பிரிந்தன. “மாற்றம் இல்லை” என்று மாணவி குறிப்பேட்டில் எழுதிவிட்டார். வரைகோட்டின் வலது ஓரத்தில் அந்தச் சிறு பிரிவு எந்தத் திசையில் அகன்றுகொண்டு போகிறது என்பதைக் கவனித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார். இந்தப் பொருளில் இரு நிலைகளுக்கும் இடையேயான வேறுபாடு அலைநீளம் கூடக்கூட வளர்ந்து, 2000 நானோமீட்டரை ஒட்டி மிகப் பெரிதாகிறது. மானியின் பார்வை முடிந்த இடத்தில்தான் செய்தியே தொடங்குகிறது.

அகச்சிவப்பு வரை செல்லும் நிறமாலை மானிக்கு வெளியே கட்டணம் செலுத்தி முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு வரைகோடு எடுக்க அங்கே யாரும் இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஒளியிழைத் தொலைத்தொடர்பில் பயன்படும் 1550 நானோமீட்டர் லேசர் ஒன்றையும் இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி ஒன்றையும் வாங்கி, நடுவே படலத்தை நிறுத்தினோம். ஒரே அலைநீளம்தான், ஆனால் தொடர்ச்சியாகப் பார்க்கலாம். எழுபது டிகிரியில் உள்ள சூட்டுத் தட்டு தானே வெளிவிடும் கதிர்வீச்சு 8.4 மைக்ரோமீட்டரை ஒட்டி உச்சம் கொள்வதால் அது இந்த உணரியைத் தொந்தரவு செய்வதில்லை. சன்னல் வெயில்தான் தொந்தரவு செய்தது, ஆகவே இருட்டறையில் வேலை செய்தோம். இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரையும் அருகே விடவில்லை.

முதல் நாளே விடை கிடைத்தது. குளிர்ந்த நிலையில் பாதிக்குச் சற்று மேலாக ஊடுருவிய ஒளி, சூடேறியதும் கால் பங்குக்கும் கீழே இறங்கியது. சூடு தணிந்ததும் பழைய அளவுக்குத் திரும்பியது. பத்து முறை செய்தோம், பத்து முறையும் அப்படியே. தனிப் படிகங்கள் இப்படி மீண்டும் மீண்டும் மாறும்போது விரிசல் விட்டு உடைந்துவிடும், மென்படலம் தாங்கிக்கொள்ளும். கருவிகளுக்குப் படலமே ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

75 என்ற எண்

ஆனால் வெப்பநிலை ஒத்துவரவில்லை. சூடேற்றும்போது மாற்றத்தின் நடுப்புள்ளி 75 டிகிரி என்றும், ஆறும்போது 63 டிகிரி என்றும் சூட்டுத் தட்டின் வெப்பநிலைக் காட்டி காட்டியது. நடுவே 12 டிகிரித் தயக்கம். தயக்கம் இருப்பது இயல்பு. இது முதல் வரிசைக் கட்டமாற்றம், அதாவது ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் படிப்படியாக அல்லாமல் தாவும் மாற்றம், என்பதால் புதிய நிலை முளைவிட ஓர் உந்துதல் தேவைப்படுகிறது. நல்ல படலங்களில் சில டிகிரிகளும், தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் நானோ துகள்களில் முப்பது டிகிரிக்கும் மேலும் இருக்கக்கூடும். துகள் சிறியதாக இருந்தால் முளைவிட இடம் கொடுக்கும் குறைபாடுகளும் அதற்குள் அரிது என்பதே விளக்கம். ஆகவே பன்னிரண்டை நாங்கள் ஏற்றுக்கொண்டிருப்போம். 75 என்பதுதான் உறுத்தியது.

காரணங்களைத் தேடத் தொடங்கினோம். தகட்டுக்கும் படலத்துக்கும் இடையிலான இழுவிசை மாற்ற வெப்பநிலையை நகர்த்தும் என்பது உண்மை. ஆக்சிஜன் விகிதம் சற்றுப் பிசகினாலும் நகரும். இவை இரண்டும் அச்சில் வந்த காரணங்கள் என்பதால் அவற்றை எழுதிவிட்டால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. மாணவியின் அறிக்கை வரைவில் அவை எழுதப்பட்டும்விட்டன. நானும் அந்தப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். ஆய்வறிக்கைகளில் இப்படி எத்தனை டிகிரிகள் இழுவிசையின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கும்போது கவலையாக இருக்கிறது.

வரைவு முடியும் நேரத்தில், படலத்தின் வெப்பநிலையை வேறொரு வழியில் சரிபார்க்கலாம் என்று தோன்றி, கையில் பிடிக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் படலத்துக்கு நேரே பிடித்தோம். சூட்டுத் தட்டின் வெப்பநிலை சீராக ஏறிக்கொண்டிருந்தது. வெப்பமானியும் கூடவே ஏறியது. மாற்றம் தொடங்கிய இடத்தில் அது நின்றது. பிறகு சில டிகிரி இறங்கியது. சூடு ஏற ஏற மானி குறைத்துக் காட்டியது. மாணவி என்னைக் கூப்பிட்டு, “சார், படலம் குளிருதுங்க” என்றார். படலம் குளிரவில்லை. இந்த மானிகள் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரை வரும் கதிர்வீச்சை அளந்து, பொருளின் உமிழ்திறன் (வெப்பக் கதிர்வீச்சை வெளிவிடும் திறன்) 0.95 என்று தாமே வைத்துக்கொண்டு வெப்பநிலையைக் கணக்கிடுகின்றன. படலம் உலோகமானதும் அதன் எதிரொளிப்பு கூடி உமிழ்திறன் குறைகிறது. வெளிவரும் கதிர்வீச்சு குறைந்ததை வெப்பநிலை குறைந்ததாக மானி புரிந்துகொள்கிறது. தன் வெப்பக் கதிர்வீச்சைத் தானே அடக்கிக்கொள்ளும் இந்த இயல்பு தனிப்பட்ட ஆய்வுக்கு உரியது. எங்களுக்கோ, வெப்பநிலையை அறிய இந்த மானி உதவாது என்பதை அது காட்டியது. அதோடு, படலம் உண்மையில் என்ன வெப்பநிலையில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியவே தெரியாது என்பதையும் முதன்முறையாக உணர்த்தியது. காட்டியில் வந்த எண், வெப்பநிலையை உணரும் இணைக்கம்பியான தெர்மோகப்பிளின் எண்; தெர்மோகப்பிள் இருந்தது படலத்தைச் சூடாக்கும் செப்புத் தட்டுக்குள்.

பட்டறையில்

அந்தச் செப்புத் தட்டின் நடுவே ஒளி கடந்து செல்வதற்காக 10 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை உண்டு. துளையின் மேல் படலம் இருக்கும். லேசர் துளையின் வழியே போகும். தெர்மோகப்பிளுக்காகத் தட்டில் இன்னொரு சிறு துளை வேண்டும் என்று பீளமேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். பட்டறைக்காரர் தட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிலிக்காத் தகடு எங்கே உட்காரும் என்று கேட்டார், காட்டினேன். சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், செப்பிலிருந்து என்றேன். விரலால் துளையின் விளிம்பைத் தடவிக்கொண்டே, “ஏனுங்க சார், தோசைக்கல்லுல நடுவுல ஓட்டை இருந்தா அந்த எடத்துல மாவு வேகுமுங்களா?” என்றார்.

அவர் கேட்டதற்கு அங்கே நின்றபடியே கணக்குப் போட முடிந்தது. செப்பின் வெப்பங்கடத்தும் திறன் மீட்டர்-கெல்வினுக்கு ஏறத்தாழ 400 வாட், சிலிக்காவினுடையது 1.4. கிட்டத்தட்ட 280 மடங்கு வேறுபாடு. துளையின் மேல் தொங்கும் சிலிக்காவுக்கு விளிம்பிலிருந்து பக்கவாட்டில் வந்து சேரும் சூடு மட்டுமே வரவு. மேலும் கீழும் காற்றுக்குப் போவது செலவு. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சிலிக்காவில், தட்டு அறையைவிட 45 டிகிரி சூடாக இருக்கும்போது, துளையின் நடுப்பகுதி விளிம்பைவிட நான்கு டிகிரி வரை குளிர்ந்திருக்கும் என்று வந்தது. தகட்டுக்கும் செப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் காற்றிடைவெளிக்கு இன்னும் இரண்டு டிகிரி. லேசர் பார்த்ததோ சரியாக அந்த நடுப்பகுதியைத்தான்.

கணக்கு மட்டும் போதாது, சான்று வேண்டும். தூய ஸ்டியரிக் அமிலம் 69.3 டிகிரியில் உருகும்; நமக்கு வேண்டிய 68-க்கு மிக அருகில். மெழுகுவத்திக்காகக் கடையில் விற்கும் ஸ்டியரிக் அமிலம் இதற்கு ஆகாது. அதில் பால்மிட்டிக் அமிலம் கலந்திருப்பதால் பல டிகிரி முன்பே இளகிவிடும். ஆய்வகத் தரத்தில் உள்ளதிலிருந்து கடுகில் நான்கில் ஒரு பங்கு அளவுள்ள துணுக்கை ஊசி முனையால் எடுத்து, துளைக்கு நேர் மேலே படலத்தின் மீது வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற வேகத்தில் சூடேற்றினோம். காட்டி 69-ஐக் கடந்தது, துணுக்கு வெள்ளையாகவே இருந்தது. 72, 74. மூலைகள் கூர்மை குறையவில்லை. 76-இல் அதன் ஓரம் ஈரம் கண்டதுபோல் மினுங்கி, அடுத்த நொடியில் முழுவதும் தெளிந்த துளியாகப் பரவியது. காட்டிக்கும் படலத்துக்கும் இடையே 6.7 டிகிரி வேறுபாடு.

அதன்பின் எல்லாம் விரைவாகச் சரியானது. புதிய செப்புத் தட்டில் துளையை 3 மில்லிமீட்டராகக் குறைத்தோம். தகட்டுக்கு அடியில் வெப்பங்கடத்தும் பசை தடவினோம். மெல்லிய கம்பித் தெர்மோகப்பிளை, ஒளி படும் இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் படலத்தின் பக்கத்திலேயே ஒட்டினோம். நிமிடத்துக்குப் பத்து டிகிரி என்று ஓட்டிக்கொண்டிருந்ததை ஒரு டிகிரியாகக் குறைத்தோம். புதிய அளவீட்டில் ஏறும்போது 67, இறங்கும்போது 60. தயக்கம் பன்னிரண்டிலிருந்து ஏழாகச் சுருங்கியிருந்தது. விரைந்து சூடேற்றினால் படலம் தட்டுக்குப் பின்தங்குகிறது; விரைந்து ஆற்றினாலும் பின்தங்குகிறது; அதோடு சூடு கூடக்கூடத் துளையின் மேலான இழப்பும் கூடுகிறது. எங்கள் படலத்துக்கு உரியதாக நாங்கள் எழுதிவைத்த தயக்கத்தில் ஐந்து டிகிரி சூட்டுத் தட்டுக்கு உரியது. வரைவில் இழுவிசையைப் பற்றி எழுதிய பத்தியை மாணவி தாமே அடித்துவிட்டார்.

வளைகோட்டின் சரிவு

சரியான வெப்பநிலை கையில் கிடைத்த பிறகே வளைகோட்டின் வடிவத்தைப் பேச முடிந்தது. ஒரு தனிப் படிகம் ஒரே கணத்தில் மாறிவிடும். எங்கள் படலமோ ஆறேழு டிகிரிக்குப் பரந்த சரிவாக மாறியது. சோளம் பொரிக்கும் சட்டியை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மணியும் பொரிவது ஒரு நொடியில்தான். ஆனால் எல்லா மணிகளும் ஒரே நொடியில் பொரிவதில்லை. சட்டியில் எவ்வளவு பொரிந்தது என்று வரைந்தால் மெல்ல ஏறும் கோடுதான் கிடைக்கும். படலத்திலும் பல்லாயிரம் படிகத் துகள்கள், அவற்றின் அளவும் குறைபாடும் இழுவிசையும் வேறு வேறு, ஆகவே அவை மாறும் வெப்பநிலையும் வேறு வேறு. மாற்றத்தின் நடுவே படலம் உலோகத் திட்டுகளும் குறைக்கடத்தித் திட்டுகளும் கலந்த பரப்பு. அந்தக் கலவையின் ஒளிவிலகல் எண்ணை இரண்டின் சராசரி என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். திட்டுகள் ஒன்றையொன்று தொட்டு இணையும் கட்டத்தைக் கருத்தில் கொள்ளும் புரூகமன் சமன்பாட்டைக் கொண்டு பார்த்தபோதுதான் எங்கள் வளைகோடு ஓரளவு பொருந்தியது.

குளிர்ந்த படலம் 1550 நானோமீட்டரில் பாதியளவு ஒளியை மட்டும் ஏன் விட்டது என்பதற்கும் விடை ஒளிவிலகல் எண்ணில்தான். அந்தப் பகுதியில் அது மூன்றை ஒட்டி இருக்கிறது. அத்தகைய பொருளின் ஒற்றைப் பரப்பே நான்கில் ஒரு பங்கு ஒளியைத் திருப்பிவிடும். படலத்தின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் அலைகள் தடிமனைப் பொறுத்துக் கூடவோ கழியவோ செய்கின்றன; மழை விட்ட தார்ச்சாலையில் சிந்திய எண்ணெயின் மேல் நிறங்கள் தோன்றுவதும் இதே கணக்குத்தான். மேலே டைட்டானியம் டைஆக்சைடு போன்ற எதிரொளிப்புக் குறைப்பு அடுக்கு ஒன்று பூசினால் இந்த இழப்பைக் குறைக்கலாம். ஈரக் காற்றில் டைஆக்சைடு மெல்ல மெல்லப் பென்டாக்சைடாகச் சிதைவதையும் அந்த அடுக்கே தடுக்கும்.

எட்டு டிகிரியின் விலை

இவ்வளவு சிறு பிழைக்கு இவ்வளவு விளக்கமா என்று ஒரு நண்பர் கேட்டார். திட்டப்பணியின் அடுத்த கட்டத்தை எடுத்துச் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார். சன்னல் கண்ணாடிக்கு 68 டிகிரி பயன்படாது; எந்த வீட்டுக் கண்ணாடியும் அவ்வளவு சூடாவதில்லை. ஆகவே டங்ஸ்டனைச் சிறிதளவு சேர்த்து மாற்ற வெப்பநிலையை இறக்குகிறார்கள். வனேடியத்தின் இடத்தில் அமரும் டங்ஸ்டன் அணு கூடுதல் எலக்ட்ரான்களைக் கொடுத்து, அணுக்களின் இணைசேர்ப்பைக் குலைக்கிறது. ஒவ்வோர் அணுச் சதவீதத்துக்கும் 20 முதல் 25 டிகிரி வரை இறங்கும். மாணவி 75-இலிருந்து 35-க்கு இறக்கக் கணக்கிட்டு டங்ஸ்டனை எடுத்து வைத்திருந்தார். உண்மையான தொடக்கம் 67. அதே அளவைச் சேர்த்திருந்தால் படலம் 27 டிகிரியிலேயே மாறியிருக்கும். கோவையில் சித்திரை மாதத்தில் அது விடிந்து சிறிது நேரத்திலேயே நடந்துவிடும். பகல் முழுவதும் படலம் ஒரே நிலையில் கிடக்கும், வெப்பத்தை அறிந்து மாறும் பொருள் என்ற பெயருக்கே இடமிருக்காது. எட்டு டிகிரி என்பது ஏறத்தாழ 0.36 சதவீத டங்ஸ்டன்.

சன்னல் என்று வந்தபின் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாணவியின் வீடு திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்கள் நிறைந்த பகுதியில் இருக்கிறது. மேற்குச் சன்னலை ஒட்டித் தையல் எந்திரத்தில் அமர்ந்திருப்பவர்களின் பிற்பகல் எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர் என்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்தார். அவருடைய நோக்கத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் ஆண்டு முழுவதும் வெப்பத்தைத் தடுக்க வேண்டிய சமவெளியில், நிலைமாறும் படலத்தைவிட, எப்போதும் அகச்சிவப்பைத் திருப்பியனுப்பும் வெள்ளி அடுக்குப் பூச்சே கூடுதலாக உதவும் என்பது என் கணிப்பு. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு அப்பால் வருகிறது. ஆனாலும் ஒற்றை அடுக்கு வனேடியம் டைஆக்சைடு அதில் நிலைமாற்றத்தால் கட்டுப்படுத்துவது மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்தை ஒட்டியே. அதற்காக வெளிச்சத்தில் பாதிக்கு மேல் இழக்க வேண்டும், அறைக்குள் பழுப்பு மஞ்சள் சாயலையும் ஏற்க வேண்டும். துணியின் நிறம் பார்த்துப் பிரிக்கும் கூடத்தில் அந்தச் சாயல் பெரிய குறை. படலமாக இல்லாமல், ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களாக ஒளிபுகும் ஊடகத்தில் கலந்து வைத்தால் வெளிச்சமும் கட்டுப்பாடும் ஒருசேரக் கூடும் என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கிரான்குவிஸ்ட் குழுவினர் 2010-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்த வழியே இனி எடுக்க வேண்டியது. குளிரில் வெயிலை உள்ளே விட்டு, சூட்டில் தடுக்கும் பொருளுக்கு உண்மையில் வேலை இருப்பது மேட்டுப்பாளையத்துக்கு மேலே, 2240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில்தான். அங்கே காலையில் கண்ணாடியின் வழியே வரும் வெயில் வேண்டும். கோடையின் நடுப்பகலில் அது வேண்டாம்.

மாணவி டங்ஸ்டன் கணக்கை 67-இலிருந்து மீண்டும் போட்டிருக்கிறார். குறிப்பேட்டின் ஒவ்வொரு வெப்பநிலைப் பத்தியின் தலைப்பிலும் இப்போது எண்ணுடன், அது அளக்கப்பட்ட இடம், துளையின் விட்டம், சூடேற்றிய வேகம் ஆகிய மூன்றும் எழுதப்படுகின்றன. மாதம் ஒருமுறை ஸ்டியரிக் அமிலத் துணுக்கு ஒன்று தகட்டின் மேல் வைக்கப்படுகிறது. சிலிக்கன் டைஆக்சைடுத் தடுப்பு அடுக்குப் பூசிய எட்டுக் கண்ணாடித் தகடுகள் உலர்த்தும் அடுப்பில் இருக்கின்றன. அடுத்த தொகுதியில் சோடியம் மேலே ஏறுகிறதா என்பதை முதலில் அவற்றில்தான் பார்க்க இருக்கிறோம்.